வெள்ளிக்கிழமை முளைத்த காடு

“மரத்தையெல்லாம் எங்க வித்தீங்க?”

“எந்த மரத்தை?”

“முப்பத்தெட்டு ஹெக்டேர் மரத்தை.”

அத்தியா சித்தப்பா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் ஏதாவது மரம் இருந்துவிடப் போகிறதே என்பதுபோல ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“ஐயா, எங்க சமவெளியில மரமே கிடையாது. எங்க அப்பா காலத்துலயும் கிடையாது. நிழல் வேணும்னா கழுதைக்குப் பக்கத்துலதான் போய் உக்காருவோம்.”

“இப்ப கிடையாது,” என்றார் இன்ஸ்பெக்டர் ஸுபீர். “அதைத்தான அண்ணே நாங்களும் சொல்றோம்.”

மேசையின் மறுமுனையில் இருந்த எங்கள் டைரக்டர் சி பெல்கெய்ர் (‘சி’ என்பது எங்கள் ஊர் மரியாதை, ‘ஐயா’ மாதிரி) மெதுவாகத் தலையாட்டினார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு வேறு என்ன வேண்டும்? நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். குறிப்பெடுக்க மட்டும்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காட்டைக் கண்டுபிடித்ததே நான்தான். அது காணாமல் போனதைக் கண்டுபிடித்ததும் நான்தான். அந்த வாரம் எங்கள் ஜெல்ஃபா மாவட்டம் முழுக்கத் தேடினாலும் என்னைவிடச் சந்தோஷமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் ரேடார் வனப் பதிவு மையம். வானத்தில் போகும் செயற்கைக்கோள் கீழே ஒரு அலையை அனுப்பும். மரங்கள் இருந்தால் அது கிளைகளில் முட்டி மோதித் திரும்பி வரும், படத்தில் பளிச்சென்று தெரியும். வெட்டவெளியாக இருந்தால் அலை எங்கோ தெறித்துப் போய்விடும், படம் கறுப்பாக இருக்கும். மேகம், புழுதி, இருட்டு எதுவும் அதைத் தடுக்காது. பளிச்சென்றால் காடு, பச்சை பூசு. கறுப்பென்றால் திறந்த நிலம், மஞ்சள் பூசு. ஐந்து வருடம் படித்ததை ஐந்து வரியில் சொல்லிவிட்டேன், கல்லூரிக்குத் தெரிய வேண்டாம்.

ஒரு வருடத்துப் படங்களையாவது அடுக்கிவைத்துப் பார்த்த பிறகுதான் ஒரு இடத்தைக் காடு என்று சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனால் மர நாள் விழாவுக்குள் அமைச்சகத்துக்கு வரைபடம் போக வேண்டும் என்றார்கள். கையில் இருந்ததோ மார்ச் மாதத்து ஒரே ஒரு படம். “ஒண்ணு போதும் சார்!” என்றேன். எனக்கு இருபத்துநான்கு வயது, எனக்கு எல்லாமே ஒன்று போதும். அந்தப் படத்தில், மகான் ஸீதி மர்ஸூக்கின் சமாதியைச் சுற்றியிருக்கும் வெறும் புல்வெளியில், முப்பத்தெட்டு ஹெக்டேருக்கு ஒரு காடு ஜொலித்துக்கொண்டிருந்தது. யாருமே அறியாத காடு! நடுவில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை வேறு. அதற்கு, ‘தீ பரவாமல் தடுக்கும் இயற்கை இடைவெளி’ என்று என் கைப்படக் குறிப்பு எழுதினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அதே செயற்கைக்கோள் திரும்ப வந்தது. காடு இல்லை. நானே எழுதிய எச்சரிக்கை நிரல் என் கணினியில் சிவப்பாகக் கத்தியது. நான் அதைவிடப் பலமாகக் கத்தினேன். பன்னிரண்டு நாளில் முப்பத்தெட்டு ஹெக்டேர்! அந்தச் சமவெளியில் குடியிருப்பவர் ஒரே ஒருவர்தான், ஊரெல்லாம் சித்தப்பா என்று கூப்பிடும் அத்தியா. அவருக்குக் கடிதம் போனது.

“இனம் என்ன?” என்று ஸுபீர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

“ஔலாத் நாயில்,” என்றார் அத்தியா சித்தப்பா.

“உங்க இனம் இல்லண்ணே, மரத்தோட இனம். சரி, தெரியாதுன்னு போடறேன். உயரம்?”

“இல்லாத மரத்துக்கு என்னய்யா உயரம்? பூஜ்யம்.”

“சுற்றளவு?”

“அதுவும் பூஜ்யம்தான்.”

சி பெல்கெய்ர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. “உயரமும் பூஜ்யம், சுத்தளவும் பூஜ்யம்னா அது இப்பதான் முளைச்ச கன்னு. அத்தியா, நீங்க வெட்டுனது மரங்களைக்கூட இல்ல. குழந்தைங்களை.”

அதையும் எழுதினேன்.

கடைசியில் தீர்மானத்தைப் படித்தார்கள். மையத்தின் ‘மறைந்த காடுகள் கமிட்டி’ நேரில் வந்து பார்க்கும். குற்றம் உறுதியானால் கோப்பு அரசு வழக்கறிஞருக்குப் போகும், மேய்ச்சல் அட்டை ரத்தாகும். அதுவரை தலைப்பாகையையே பார்த்துக்கொண்டிருந்த அத்தியா சித்தப்பா நிமிர்ந்தார்.

“அட்டையைப் பிடுங்கிட்டா எப்படிங்க? நூத்தறுபது ஆடு. பெரும்பாலும் குட்டியோட நிக்குது. நாலு வருசத்துக்கப்புறம் இப்பதான் மழை பேஞ்சிருக்கு. இந்தப் புல்லு மே மாசம் வரைக்கும்தான் நிக்கும். அதுக்குள்ள மேயலன்னா பாலு வத்திரும், குட்டி செத்துரும். என்னை வேணும்னா உள்ள போடுங்க. ஆட்டை வெளிய விடுங்க.”

“அதுக்குத் தனிப் படிவம் இருக்கு,” என்றார் ஸுபீர் ஆறுதலாக.

கமிட்டி போனது. கமிட்டி என்றால் ஸுபீர், நான், ஓட்டுநர். வெட்டிய அடிமரங்களைத் தேடிச் சமவெளியை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தோம். ஒரு அடிமரம்கூட இல்லை. “வேரோட பிடுங்கியிருக்காரு,” என்று ஸுபீர் வியந்தார். “குழியைக்கூட மூடிட்டாரு பாரேன். என்ன சுத்தம்! நம்ம ஒப்பந்தக்காரங்க ஒருத்தனுக்காவது இந்த நேர்த்தி உண்டா?” பிறகு கரிந்த வட்டங்கள் கிடைத்தன. மரத்தை எரித்ததற்குச் சாட்சி. மண்ணில் புதைந்த ஒரு இரும்பு முளை கிடைத்தது. அதை என்னவென்று எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்து, ‘வேர் (உலோகம்)’ என்று எழுதினார். கடைசியில் ஒரு பள்ளம் நிறைய எலும்புகள்.

“காட்டு விலங்குங்க,” என்றார் ஸுபீர். குரல் இறங்கிவிட்டது. “அதுங்களையும் விடலை.”

அப்போது அத்தியா சித்தப்பாவின் மனைவி மெஸ்ஊதா சித்தி ஒரு கையில் மோர்க் குடமும் மறு கையில் ரொட்டியுமாக வந்து சேர்ந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

“அதை ஏன்டா கிளறிக்கிட்டு இருக்கீங்க? அது விருந்து எலும்பு.”

“எந்த விருந்து?”

“எந்த விருந்தா! ஸீதி மர்ஸூக் விருந்து. பாதி எலும்பு உங்க டைரக்டர் கடிச்சதுதான். தொடைக்கறி வச்சா வேணாம்னுட்டாரு, தோள்கறிதான் வேணும்னு கேட்டு வாங்கித் தின்னாரு.” என் பக்கம் திரும்பினார். “இவளும்தான் வந்திருந்தா. கூஸ்கூஸ் மூணு தட்டு. நாலாவதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு நின்னா.”

மூளைக்கு எட்டும் முன்பே என் வயிற்றுக்கு எட்டிவிட்டது.

விருந்து வியாழன் மாலையிலேயே தொடங்கிவிடும். நான்கு மாவட்டத்து ஜனங்கள் வந்து கூடாரம் அடிப்பார்கள். கூடாரங்களையும் பிக்கப் வண்டிகளையும் இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்திவிட்டு, நடுவில் குதிரைகள் ஓடுவதற்கு நீளமாக ஒரு பாதை விடுவார்கள். என்னுடைய தீத்தடுப்பு இடைவெளி! செயற்கைக்கோள் போனது வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு. ரேடாருக்கு இரும்பென்றால் உயிர். மரத்தைவிடப் பளபளவென்று காட்டும். அந்த ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தேன்? என் மாமாவின் பிக்கப்பில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்தேன். நான் கண்டுபிடித்த காட்டில் நானே ஒரு மரத்துக்குள் இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை சி பெல்கெய்ர் அறைக்குள் மூச்சு வாங்க ஓடினேன்.

“சார், அது காடு இல்ல சார். விருந்து. வண்டிங்க.”

“தெரியும்,” என்றார்.

“தெரியுமா?”

“நான்தான் அங்க வந்திருந்தேனே. மரம் ஒண்ணுகூடப் பாக்கலை.”

“அப்ப ஏன் சார்…”

“ருஃபைதா, உக்காரு. நான் அன்னைக்கி விருந்தாளியா வந்தேன். வெள்ளிக்கிழமை, லீவு நாள். லீவு நாள்ல ஒரு டைரக்டருக்கு வாய் மட்டும்தான் உண்டு, கண்ணு கிடையாது. ஆனா ரேடார் டியூட்டில இருந்துச்சு. டியூட்டில இருந்தது எதைப் பாத்துச்சோ அதுதான் ரெக்கார்டு. நாளைக்கே நான் லீவு நாள்ல பாத்ததையெல்லாம் ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்சா இந்த நாடு என்னத்துக்கு ஆகும்?”

“உங்க கார்கூட அந்தப் படத்துல ஒரு மரமா இருக்கு சார்.”

“அப்படியா?” முதல் தடவையாக ஆர்வம் காட்டினார். “எது?”

காட்டினேன். முன்வரிசையில், சமாதிக்குப் பக்கத்தில். ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லா பளிச்சுன்னு இருக்கே,” என்றார். பிறகு சுவரைக் காட்டினார். இதுவரை அறியப்படாத காட்டைக் கண்டறிந்ததற்காக அமைச்சகம் அனுப்பிய பாராட்டுக் கடிதம், கண்ணாடிச் சட்டத்துக்குள். “ஆணி அடிச்சாச்சும்மா. பிடுங்கினா சுவத்துல ஓட்டை தெரியும்.”

“ஒரு திருத்தம் போட்டா?”

“போடு. உன் நிரலைத் திற. ‘காடு குறைந்தது’ன்னு ஒரு பொத்தான் இருக்கு. ‘காடு கூடியது’ன்னு ஒண்ணு இருக்கு. ‘காடு இருந்ததே இல்லை’ங்கற பொத்தான் எங்க? காட்டு, இப்பவே அழுத்தறேன்.”

இல்லை. நிரல் எழுதியவள் நான். இரண்டு பொத்தானோடு நிறுத்தியவளும் நான். மூன்றாவது வைக்கலாமா என்று அன்று தோன்றியது, மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டேன்.

“ஆக ஒரே வழிதான்,” என்றார் சி பெல்கெய்ர், எனக்காகப் பரிதாபப்பட்டு. “குறைஞ்ச காடு திரும்பக் கூடணும். ஏப்ரல் பதினொண்ணு சனிக்கிழமை செயற்கைக்கோள் வருது. அதுக்குள்ள அத்தியா காட்டை மீட்டுக் குடுத்துட்டா கோப்பை மூடிடலாம். இல்லைன்னா வழக்கறிஞர்கிட்டப் போயிரும்.”

“பன்னெண்டு நாள்ல எப்படி சார் மரம் வளரும்?”

“படத்துல தெரியணும்னுதான் விதி சொல்லுது. வளரணும்னு எங்கயும் சொல்லலையே.”

இதைச் சொல்லத்தான் சமவெளிக்குப் போனேன். அத்தியா சித்தப்பா ஒரு குட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பேசியது சித்திதான்.

“இரு, இரு. எனக்குப் புரியலை. வானத்துல போற அதுக்கு, வண்டியைப் பாத்தா காடு?”

“ஆமா சித்தி.”

“இதுதான் நீ பட்டணத்துல போய்ப் படிச்சியா?”

“ஆமா சித்தி.”

“அட, இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற? ஜெல்ஃபாவுல வண்டிக்கா பஞ்சம்? இவரு ஒரு நேர்த்திக்கடன் வச்சிருக்கறதா ஊரெல்லாம் சொல்லியனுப்பு. சோறு போடறோம்னா செத்தவன்கூட வண்டி எடுத்துட்டு வருவான்.”

ஆறு ஆடு போனது. அத்தியா சித்தப்பா தானே பொறுக்கி எடுத்தார், ஆறும் மலட்டு ஆடுகள். “பாலு குடுக்கறது மட்டும் வேணாம்,” என்று கத்தியிடமே சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை விடிகாலையைப் பற்றி நான் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் பழைய ரேடார் படத்தோடு வண்டி வண்டியாக ஓடினேன். “அண்ணே, நீங்க போன தடவை இங்க நிக்கலை. பதினோரு மீட்டர் பின்னாடி போங்க.” “ஏம்மா, பின்னாடி சேறு.” “சேறா இருந்தாலும் பரவாயில்லண்ணே, நீங்க இருநூத்திப் பதினாலாம் மரம்.” ஒருவர் வண்டியை விற்றுவிட்டுத் தண்ணீர் டேங்கர் வாங்கியிருந்தார். “இது அடர்த்தியான மரம், ஓரமா விடுங்க,” என்றேன். இன்னொருவர் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரொட்டி வாங்க வண்டியைக் கிளப்பினார். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நான் அழுதே விட்டேன். “ஒரு மரம் ரொட்டி வாங்கப் போகுமாண்ணே?” அவர் என்னைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “பாவம், படிச்ச பொண்ணு,” என்று சொல்லி இறங்கினார்.

ஆறு மணி. யாரும் அசையவில்லை. வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு குதிரை மட்டும் கனைத்தது.

படம் வந்தது. காடு முப்பத்தெட்டு ஹெக்டேர் இல்லை, ஐம்பத்திரண்டு! சோற்று விஷயம் சித்தி சொன்னதைவிட வேகமாகப் பரவியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, அதே சமவெளியில், தலைநகரத்திலிருந்து வந்த ஆறு பேருக்கு முன்னால் சி பெல்கெய்ர் பேசினார். காற்று அவர் காகிதத்தைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்.

“நண்பர்களே! மரம் வளரத் தண்ணி வேணும்னாங்க. மண்ணு வேணும்னாங்க. முப்பது வருசம் வேணும்னாங்க. இதெல்லாம் பழைய அறிவியல்! சரியான கடிதம் சரியான ஆளுக்குப் போனா போதும், காடு தானா வளரும்னு நம்ம மையம் நிரூபிச்சிருக்கு. இதோ, நீங்க நிக்கறது காட்டுக்கு நடுவுல. தெரியலையேன்னு நினைக்காதீங்க. கண்ணுக்குத் தெரியற காட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எதுக்குச் சம்பளம்?”

ஆறு பேரும் கைதட்டினார்கள். ஒருவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து நிழல் பண்ணிக்கொண்டே, “நல்ல குளுமை,” என்றார். அத்தியா சித்தப்பாவுக்கு ‘பச்சைக்கரம்’ சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “அப்ப நான் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போகலாமா?” என்று கேட்டார்.

ஸுபீர் அப்போதுதான் வண்டியிலிருந்து ஒரு பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். ‘பாதுகாக்கப்பட்ட காடு. ஆடு மேய்க்கத் தடை.’

“என்னண்ணே நீங்க,” என்றார் ஸுபீர் உரிமையோடு. “இவ்வளவு பாடுபட்டு வளத்த காட்டை நீங்களே மேய விடுவீங்களா?”

அன்று மதியம் ஆடுகள் பட்டிக்குள் நின்றன. இருபது அடி தள்ளி முழங்கால் உயரத்துக்குப் புல். குட்டிகள் தாய்மடியை முட்டுவதும், ஒன்றும் வராமல் திரும்ப முட்டுவதுமாக இருந்தன. சித்தி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

“அடுத்து எப்ப வருது மகளே, உன் வானத்து ஆளு?” என்று கேட்டார் சித்தப்பா.

“இருபத்திமூணு, வியாழக்கிழமை. காலைல ஆறு மணி.”

அவர் விரல் விட்டு எண்ணினார். “வண்டி வந்தா அது காடு, ஆடு மேயக் கூடாது. வண்டி வரலைன்னா நான் அம்பத்திரண்டு ஹெக்டேரை வெட்டினவன். ரெண்டாவது குத்தம் வேற. சரியா?”

“சரி சித்தப்பா.”

“வண்டி வரணும்னா பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா சோறு போடணும். ஆடெல்லாம் தீந்து போனப்புறம் மேய்ச்சலே தேவைப்படாது, பிரச்சினையும் தீந்துரும். அதுவும் சரியா?”

அவர் கேலி செய்யவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறதா என்று உண்மையாகவே என்னிடம் கேட்டார், படித்தவள் என்பதால்.

புதன்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்றாவது பொத்தானை எழுதினேன். ‘இங்கே காடு இருந்ததே இல்லை.’ எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? மூன்று மணி நேரம். மூன்றே மணி நேரம்! அதற்குப் பதிலாகத்தான் ஒரு மனிதரின் ஆறு ஆடும், ஒரு மாதத் தூக்கமும் போயிருந்தன. அழுத்தினேன். உடனே ஒரு பெட்டி திறந்து, ‘தவறு யாருடையது?’ என்று கேட்டது. கீழே இரண்டே விடைகள்: செயற்கைக்கோள், வானிலை. அந்தப் பெட்டியையும் முன்பு எழுதி வைத்தவள் நான்தான். எத்தனை முன்யோசனை பாருங்கள், எல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும்! மூன்றாவது விடையாக என் பெயரைச் சேர்த்தேன். எழுத்துப்பிழை வந்துவிட்டது, அழித்து மறுபடி அடித்தேன். பிறகு அழுத்தினேன்.

பதினொரு அலுவலகங்களுக்குத் தானாகவே கடிதம் போனது. வரைபடத்தில் சமவெளி மஞ்சளாகிவிட்டது.

இருபத்துமூன்றாம் தேதி வியாழக்கிழமை ஆறு மணிக்கு நான் அங்கே இருந்தேன். ஒரு வண்டிகூட வரவில்லை. செயற்கைக்கோள் வந்திருக்கும், பார்த்திருக்கும், போயிருக்கும். நூற்றைம்பத்து நான்கு ஆடுகளும் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. பலகையைப் பிடுங்க உத்தரவு வரவில்லை என்றார் ஸுபீர். ஆனால் அது காட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும், இங்கே காடு இல்லை என்பதால் படிக்கத் தேவையில்லை என்றும் அவரே விளக்கினார். நல்ல மனிதர்.

நேற்று எனக்குக் கடிதம் வந்தது. முன் அனுமதி பெறாமல், விரல் ஒன்றைப் பயன்படுத்தி, ஐம்பத்திரண்டு ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட காட்டை அகற்றிய குற்றம். எங்கள் ஊரில் வேலை வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கமிட்டி முன் வர வேண்டும். கையெழுத்து சி பெல்கெய்ர். வராந்தாவில் என்னை நிறுத்தி, கொஞ்சம் மரியாதையோடுகூடக் கேட்டார், “அத்தியாவுக்கே பன்னெண்டு நாள் ஆச்சு. நீ எப்படிம்மா ஒரே நொடியில?”

வேலை போகும் என்றுதான் தோன்றுகிறது. சித்தப்பா தொலைபேசியில் அழைத்து, “நானும் கூட வரேன் மகளே, அந்த நாற்காலி எனக்குப் பழக்கம்தான்,” என்றார். பின்னாலிருந்து சித்தி, “சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு, அங்க ஒண்ணும் குடுக்க மாட்டானுங்க!” என்று கத்தியது கேட்டது.

எனக்குத் தூக்கம் வரவில்லை, பதில் ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறேன். எழுந்து நின்று, தைரியமாக, இப்படிச் சொல்லப் போகிறேன்: “ஐயா, அந்தக் காட்டை நட்டது நான். ஒற்றை ஆளாக, ஒரே மதியத்தில், ஒரே படத்தை வைத்து நட்டேன். என் காட்டை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.” எப்படி? கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அவர்கள் விதிப்படி பார்த்தாலும் சரியாகத்தானே வருகிறது? எடுபடுமா, என்ன நினைக்கிறீர்கள்?